இருட்டில் இரண்டு சொட்டு

மூன்று வாரமாக, புரதங்களைப் படியவைத்த என் சோதனைச் சவ்வு வெறும் வெள்ளையாகவே இருந்தது. நான் தேடும் புரதம் அதில் கோடாக ஒளிர வேண்டும். ஒளிரவில்லை. அந்தப் புரதத்தைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளை விற்ற கம்பெனியை, நியூசிலாந்தின் டனீடனில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடமே கேட்கும்படி திட்டிக்கொண்டிருந்தேன்.

"கத்தாதே கிர்ஸ்டி, கம்பெனிக்காரனுக்குக் கேக்காது," என்றாள் லோசா. பதினாறு வருடமாக எங்களோடு வேலை பார்க்கும் சமோவாக்காரி.

அவள் சவ்வைத் தொடவே இல்லை. ஒளியைத் தருவது, முதல் எதிர்ப்பொருளின் மேல் போய் ஒட்டும் இரண்டாவது எதிர்ப்பொருளோடு இணைந்திருக்கும் நொதி. அந்த இரண்டாவது எதிர்ப்பொருளை நான் தயாரித்த கரைசலில் கலந்து வைத்திருந்தேன். அதில் ஒரு சொட்டு எடுத்து, ஒரு குழாயில் இருந்த ஒளிர வைக்கும் திரவத்தில் விட்டு, விளக்கை அணைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. பிறகு அதே எதிர்ப்பொருளைப் புதுக் கரைசலில் கலந்து, இன்னொரு குழாயில் ஒரு சொட்டு விட்டு மறுபடி விளக்கை அணைத்தாள். அந்தக் குழாய் நீலமாக ஒளிர்ந்தது.

"எதிர்ப்பொருள் நல்லாத்தான் இருக்கு. உன் கரைசல்ல என்னடி போட்டே?"

"பூஞ்சை வரக்கூடாதுன்னு கொஞ்சம் சோடியம் அசைடு..."

"பூஞ்சையோட சேத்து நொதியையும் கொன்னுட்டே, போ."

மூன்று வாரம் எனக்குப் பிடிபடாதது அவளுக்கு இரண்டு சொட்டில் பிடிபட்டுவிட்டது. அதற்குள் கதவைத் திறந்துகொண்டு மற்றவர்கள் வந்தார்கள்.

"என்ன லோசா, யார் பண்ண தப்புன்னு தெரிஞ்சுதா?"

"கரைசல் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான்," என்றாள்.

என் கையெழுத்து இருந்த சீட்டு சுவரைப் பார்க்கும்படி கரைசல் பாட்டிலைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள்.