ஏழாம் மைல் கன்னிமார்

கோவர்த்தனன் பஸ்ஸிலிருந்து இறங்கியதைப் பார்த்ததுமே கன்னையாவுக்கு வாய் கசந்தது. இருபத்தோரு வருஷத்தில் மனிதருக்குத் தொப்பை விழுந்திருந்தது, மூன்று பல் போயிருந்தது. குடை மட்டும் அதே குடை போலிருந்தது. நாகலமேடு ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோது அவர் லைனைப் பார்க்கப் புறப்பட்டால் டிராலியில் உட்கார்ந்து அந்தக் குடையைப் பிடித்துக்கொள்வார். நாலு பேர் வெயிலில் ஓடித் தள்ளுவார்கள். கன்னையா அந்த நாலு பேரில் ஒருவன்.

லைன் என்று சொல்வதே அதற்கு அதிக மரியாதை. புத்தூரிலிருந்து கிழக்கே பதினோரு மைல். ஒரு இன்ஜின், நாலு பெட்டி. போகும்போது வேர்க்கடலை மூட்டையும் ஆடும் ஏறும். வரும்போது திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டவர்கள் ஏறுவார்கள். பெட்டி முழுக்கச் சந்தனமும் ஆட்டுப் புழுக்கையும் சேர்ந்து நாறும். டிக்கெட் கேட்டால் கோவிந்தா என்பார்கள். மறுபடி கேட்டால் இன்னும் சத்தமாகக் கோவிந்தா என்பார்கள். யுத்தத்தின்போது கம்பெனிக்காரர்கள் தண்டவாளத்தைப் பிடுங்கி எங்கோ அனுப்பிவிட்டார்கள். கரை மண்ணை வண்டி வைத்து அள்ளிக்கொண்டு போனார்கள் ஊர்க்காரர்கள். யாரும் அழுததாகக் கன்னையாவுக்கு ஞாபகம் இல்லை.

இப்போது அந்த லைனுக்குத் திடீரென்று மவுசு வந்திருந்தது. ஆந்திரா தனியாகப் பிரிந்து ஆறு வருஷம் கழித்து எல்லைத் தகராறைத் தீர்த்தபோது, பனஞ்சாலை ஆந்திராவிலேயே இருக்க, அதற்குக் கிழக்கே ஒட்டியிருந்த சிற்றேரி மதராஸுக்குப் போவதென்று முடிவாயிற்று. இரண்டு ஊருக்கும் நடுவே எல்லைக் கல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இருந்தது ரயில் கம்பெனியின் பழைய வரைபடம் மட்டும். ஏழாம் மைல் கல்லுக்குக் கிழக்கே அறுநூறு அடியில் பனஞ்சாலை முடிகிறது என்று அதில் எழுதியிருந்தது.

அந்த அறுநூறு அடியில்தான் கன்னையாவின் பிழைப்பு இருந்தது. லைன் மூடியபின்னும் பழைய கேட் வீட்டிலேயே அவன் குடியிருந்தான். பனஞ்சாலை எல்லைக்குள் இருந்த ரயில் நிலத்தை நிலமில்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, வீட்டை ஒட்டி எழுபது சென்ட் அவனுக்குக் கிடைத்தது. அதில் அவனும் பெண்டாட்டி செங்கம்மாவும் இரண்டு கோடை வெட்டிக் கிணறு எடுத்தார்கள். சிற்றேரிப் பக்கத்திலோ ரயில் நிலம் பழைய சொந்தக்காரர்களுக்கே திரும்பிப் போயிற்று. அங்கே பழைய சொந்தக்காரன் எத்திராஜ். கன்னையாவின் கிணறு தன் ஊர் எல்லைக்குள் இருக்கிறதென்று மனுப் போட்டவனும் அவன்தான்.

அளப்பதற்குச் சித்தூரிலிருந்து சர்வேயர் வெங்கடரமணன் வந்தார். லைனில் வேலை பார்த்த பெரிய மனிதர் யாராவது வந்து மைல் கல்லைக் காட்டட்டும் என்றார். திருப்பதியில் பென்ஷனோடு உட்கார்ந்திருந்த கோவர்த்தனனைப் பிடித்து வந்தார்கள்.

காலையிலேயே செங்கம்மா சொல்லியிருந்தாள். "அந்தாளு வாய்க்கு வந்தத சொல்லிட்டுப் போவட்டும். நீ வாயத் தொறக்காத. நீ பேசிப் பேசி நமக்கு இன்னா வந்துச்சி?"

"நா எங்க பேசினேன்," என்றான் கன்னையா. அது உண்மை. அவன் பேச வேண்டிய இடத்தில் ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

இப்போதும் பேசாமல் இருந்தால் போதும். மைல் கல் குளக்கரையில் புங்க மரத்தடியில் இருந்தது. அங்கிருந்து அறுநூறு அடி அளந்தால் கேட் வீடு, கிணறு, எழுபது சென்ட் எல்லாம் பனஞ்சாலைக்குள் வரும். கிராமத்துக் கர்ணம் முன்பு அப்படி அளந்துதான் பட்டா கொடுத்தார்.

ஆனால் கல் அங்கே பிறந்ததல்ல. தண்டவாளம் போன மறுவருஷம் ஆடியில் ஊர்க் கிழவி கங்கம்மாவுக்குச் சாமி வந்தது. ஏழு கன்னிமாரும் வெயிலில் காய்கிறார்கள், தண்ணீர் ஓரம் கொண்டுபோய் வையுங்கள் என்றாள். கல்லில் பெரிதாக 7 என்று வெட்டியிருந்தது. ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். அந்த மூன்று பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாலு பேர் கம்பு கட்டிக் கல்லைத் தூக்கி நானூறு அடி கிழக்கே குளக்கரைக்குக் கொண்டுபோனார்கள். கூலி, களியும் கோழிக் குழம்பும். அந்த நாலு பேரிலும் கன்னையா ஒருவன். தள்ளச் சொன்னால் தள்ளுவான், தூக்கச் சொன்னால் தூக்குவான். வருஷா வருஷம் மஞ்சள் பூசி ஏழு மூடிப்போயிற்று. நாலாம் வருஷத்திலேயே கல் தானாக முளைத்தது என்று ஆகிவிட்டது. தூக்கினவர்களில் மற்ற மூன்று பேரும் அதை நம்பவே ஆரம்பித்துவிட்டார்கள்.

சர்வேயர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லின் முன் நின்றார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அளவுச் சங்கிலி பிடிக்கும் ஆளைக் கூப்பிட்டு, மஞ்சளைச் சுரண்டச் சொன்னார். ஏழு தெரிந்தது.

"இதே தானா சார்?"

"இதுவேதான்," என்றார் கோவர்த்தனன். "அந்த லைன் எனக்குப் பெத்த பிள்ளை மாதிரி. ஒவ்வொரு கட்டையையும் எனக்குத் தெரியும்."

ஸ்லீப்பர் கட்டை ஒன்றின் மேல் அவர் கால் பட்டுக் கன்னையா பார்த்ததில்லை. சிக்னல் கம்பத்துக்கு அப்பால் அவர் நடந்ததே கிடையாது. வாயை மூடிக்கொண்டு நின்றான். செங்கம்மா கொஞ்சம் தள்ளிக் குடத்தை இடுப்பில் வைத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்திராஜ் எரிச்சலோடு கால் மாற்றி நின்றான். யுத்த காலத்தில் அவன் மதராஸில் படித்துக்கொண்டிருந்தான். கல் நடந்து வந்த கதை அவனுக்குத் தெரியாது.

கோவர்த்தனன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். குடித்ததும் அவருக்கு ஞாபகம் பெருகிற்று.

"முப்பத்தெட்டுல இங்கதான் சார் ஸ்பெஷல் வண்டி கவுந்தது. புரட்டாசி சனிக்கிழமை. திருப்பதிக் கூட்டம். ஒருத்தர் செத்தார், பதினோரு பேருக்குக் கை கால் போச்சு. எல்லாம் ஒரு கீமேனால. சம்பத்னு ஒரு குடிகாரன். விடியக்காலம் லைன்ல நடந்து, கழண்ட ஆப்பையெல்லாம் அடிச்சு இறுக்கிக்கிட்டு வரணும். அதுதான் அவன் வேலை. நான் ஓடி வந்து பார்க்கிறேன், இந்தக் கல்லுல தலைய வெச்சுத் தூங்கறான். இந்தக் குளத்துத் தண்ணிய அள்ளி நான்தான் அவன் மூஞ்சில அடிச்சு எழுப்பினேன்."

செங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சம்பத் அவள் அண்ணன்.

கன்னையாவுக்கு அந்தக் காலை தெரியும். அப்போது அவன் கேங் கூலி. விடிவதற்குள் சம்பத் அவனையும் இழுத்துக்கொண்டு நாகலமேடு ஸ்டேஷனுக்கு ஓடினான். ஏழாம் மைலில் தண்டவாளம் விரிந்திருக்கிறது, ஸ்பெஷலை நிறுத்துங்கள் மாஸ்டர் என்று மூன்று தடவை சொன்னான். பெரிய அதிகாரி வீட்டுப் பெண்கள் வருகிற வண்டி, நீ சொல்லி நிறுத்தறதா என்று கோவர்த்தனன் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். சம்பத் சனிக்கிழமையில் குடிக்காதவன். மற்ற ஆறு நாள் குடிப்பான். அதனால் விசாரணையில் மாஸ்டர் சொன்னதை நம்புவது யாருக்கும் சிரமமாக இல்லை. திருப்பதியில் துரை முன்னால் கன்னையாவை நிறுத்தினார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி," என்றான். சம்பத்தைத் துரத்தினார்கள். ஒரு மாதம் கழித்து அவன் சுத்தியலும் வேலையும் கன்னையாவுக்கு வந்தன. அடுத்த தையில் அவன் தங்கையும் வந்தாள். சம்பத் கல் குவாரியில் இரண்டு வருஷம் உடைத்துவிட்டுச் செத்தான்.

அன்று மாஸ்டர் எழுதிக் கொடுத்தது மைல் கல்லடியில் தூங்கினான் என்று மட்டும்தான். குளத்துத் தண்ணீர் புதிது. பொய்க்கே கூட இருபத்தோரு வருஷத்தில் வயிறு வளர்ந்திருந்தது.

"அப்ப இங்க கல்லே இல்ல," என்றான் கன்னையா.

எல்லாரும் திரும்பினார்கள். சொன்னது தான்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

"ஏமய்யா?" என்றார் சர்வேயர். "ஏமி செப்துன்னாவு, என்ன சொல்றே?"

"கல்லு மேற்க இருந்துச்சி சார். நாங்க நாலு பேரு தூக்கியாந்து வெச்சோம். அங்க குளமும் இல்ல, குட்டையும் இல்ல. மூஞ்சில அடிக்க எச்சில் தான் இருந்துச்சி."

"யார் இவன்?" என்றார் கோவர்த்தனன். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. நாலு வருஷம் தன் முதுகுக்குப் பின்னால் ஓடித் தள்ளியவனை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

எத்திராஜ் சட்டென்று மரியாதைக்கு மாறினான். "கன்னையா, எங்க இருந்துச்சின்னு காட்டுப்பா. உனக்குத் தெரியாததா."

செங்கம்மா குடத்தை இறக்கி வைத்தாள். "யோவ்," என்றாள் மெதுவாக. "வேணாம்யா."

மேற்கே பழைய மதகு ஒன்று அப்படியே இருந்தது. அதன் கைப்பிடிச் சுவரில் 14 என்று வெட்டியிருந்தது. சாமி ஆக்க முடியாத அளவுக்குப் பெரிசு, அதனால் தப்பித்தது. கன்னையா அங்கே போய் நின்றான். பதினாலாம் மதகிலிருந்து ஏழாம் மைலுக்கு முந்நூற்று இருபத்தாறு கட்டை. நாலு வருஷம் தினமும் இரண்டு தடவை நடந்தவன் அவன். தண்டவாளம் போய்ப் பதினேழு வருஷம் ஆகியும் அவன் கால் பழைய கட்டை இடைவெளியில், இரண்டரை அடிக்கு ஒன்றாகத்தான் விழும். சந்தையில் நடந்தாலும் அப்படித்தான். பிள்ளைகள் பின்னால் வந்து அதேபோல் நடந்து காட்டுவார்கள்.

நடந்தான். சங்கிலி ஆட்கள் இருவரும் சிரித்தார்கள். கோவர்த்தனன் குடையை விரித்துக்கொண்டு பின்னால் வந்தார். முந்நூற்று இருபத்தாறில் கன்னையா நின்ற இடம் வெறும் கள்ளிப் புதர்.

"தோண்டு சார்."

முழ ஆழத்தில் மண்வெட்டி ணங்கென்றது. சுண்ணாம்புக் காரை. சதுரமாக ஒரு மேடை, நடுவில் கல் உட்கார்ந்த குழி. சர்வேயர் அளந்தார். குளக்கரைக்கு ஆள் அனுப்பிக் கல்லின் அடியை அளக்கச் சொன்னார். இரண்டும் ஒன்றாக இருந்தன. "பேஷ்," என்றார்.

கன்னையா அவரை விட்டுக் கோவர்த்தனன் பக்கம் திரும்பினான். "இங்க எந்தத் தண்ணிய அள்ளி அடிச்ச மாஸ்டர்? சம்பத் உங்கிட்ட வந்து மூணு வாட்டி சொன்னான். நா வாசல்ல நின்னுக்கினு இருந்தேன். நீ காப்பி குடிச்சிக்கினு இருந்த."

அவரை அவன் நீ என்றது அதுதான் முதல் தடவை.

கோவர்த்தனனின் முகம் கொஞ்சம் வெளுத்தது, பிறகு சரியாகிவிட்டது. "வயசாச்சு. இடம் ஞாபகம் பிசகியிருக்கும். எங்க தூங்கினா என்ன, குடிச்சவன் குடிச்சவன்தானே. சார், பஸ் எத்தனை மணிக்கு?"

"எழுதிக்குங்க சார்," என்றான் கன்னையா சர்வேயரிடம். "அவன் குடிக்கலன்னு எழுதிக்குங்க."

"அதி மன பனி காதய்யா," என்றார் சர்வேயர். அது நம் வேலை இல்லை என்று தமிழிலும் ஒரு தடவை சொன்னார். நல்ல மனிதர்தான். அவர் நோட்டில் எழுதியது ஒரு வரி: மைல் கல் இடம் பெயர்ந்தது.

அந்தக் குழியிலிருந்து கிழக்கே அறுநூறு அடி சங்கிலி போட்டார்கள். கேட் வீட்டின் வாசலைத் தாண்டிப் பதினெட்டு அடியில் சங்கிலி முடிந்தது. கிணற்றுக்கு இன்னும் முப்பது அடி இருந்தது. அங்கே ஒரு முளையை அடித்தார்கள். வீடு ஆந்திரா. கிணறும் நிலமும் மதராஸ்.

"உண்மையச் சொன்னதுக்கு உனக்கு ஒரு வேட்டி எடுத்துத் தர்றேன்," என்றான் எத்திராஜ். சாயங்காலத்துக்குள் அவன் ஆட்கள் கிணற்றைச் சுற்றி முள் போட்டுவிட்டார்கள். கோவர்த்தனன் நாலு மணி பஸ்ஸில் ஏறினார். யாரோ அவருக்கு ஒரு பை வேர்க்கடலை கொடுத்தனுப்பினார்கள்.

கன்னையா வீட்டுக்குள் வந்து சுவரோரம் உட்கார்ந்தான். கிணற்றுக்காகச் செங்கம்மா கத்துவாள் என்று காத்திருந்தான். பதில்கூடத் தயாராக வைத்திருந்தான். உங்கண்ணனுக்காகத்தான் சொன்னேன் என்று.

அவள் கத்தவில்லை. அடுப்பின் முன் குந்தி, அவன் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"மூணு வாட்டி சொன்னானா?"

"ம்."

"நீ கேட்டுக்கினு இருந்தியா?"

அவன் சுவர்க் காரையை நகத்தால் சுரண்டினான்.

"கிணறு போனா போவுது. சாவறப்ப தண்ணி கேட்டான் எங்கண்ணன். குடிகார நாயே, உன்னால பெருமாள் பக்தரு செத்தாருன்னு சொல்லித்தான் ஊத்தினேன். இந்த வீட்டுலதான். நீ அங்கதான் உக்காந்திருந்த. இதே எடத்துல. களி துன்னுக்கினு இருந்த."

"வேல போயிருக்கும் செங்கம்மா."

"இப்ப இன்னா வெச்சிருக்க?"

அவள் எழுந்து குடத்தை எடுத்தாள். அவன் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அந்த ஊரில் எந்த ஆம்பிளையும் குடம் தூக்கித் தண்ணீருக்குப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

"போ. கன்னிமாருகிட்டப் போய் எடுத்துக்கினு வா. நீ தூக்கியாந்து வெச்ச சாமிதானே."

கன்னையா குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்டான். குளக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். மைல் கல்லில் சுரண்டிய இடத்தில் யாரோ அதற்குள் புது மஞ்சள் பூசியிருந்தார்கள்.