உட்காரச் சொன்ன அரை மணி நேரம்

மேல்மாடிப் பையனுக்குத் தட்டம்மை என்று தெரிந்த அன்று சாயங்காலம் வீட்டு ஃபிரிட்ஜைப் பிரித்துப் போட்டேன். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கதவு ரப்பரைக் கழற்றித் துடைத்தேன். திரும்ப மாட்டினேன். மனம் கேட்கவில்லை. மறுபடி கழற்றினேன்.

மகள் தரையில் உட்கார்ந்து என் ஸ்பானர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றேகால் வயது. பட்டாணி என்று கூப்பிடுகிறோம். அந்தப் பெயரை வைத்தது அவள் அம்மா.

மச்சான் படியேறி வந்து வாசலில் நின்றார். என் மனைவியின் அண்ணன். கீழ்வீட்டில் இருக்கிறார். கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறார்.

"என்ன மாப்ள, ஃபிரிட்ஜுக்கு ஆபரேஷனா?"

"சும்மாதான் மச்சான்."

"நல்லா ஓடுறதப் பிரிச்சுப் போடுற ஒரே மெக்கானிக் நீதான்யா. இதுக்குத்தான் இஞ்சினியரிங் படிச்சியா?"

நான் திருகாணியைத் தேடினேன். அது பட்டாணியின் கையில் இருந்தது. பிடுங்கினேன். அழுதாள். தூக்கிக்கொண்டு சமையலறைக்கும் ஹாலுக்குமாக நடந்தேன். மச்சான் என் பின்னாலேயே நடந்தார்.

"கிளினிக்லேர்ந்து அந்த சிஸ்டர் போன் பண்ணுச்சா?"

"பண்ணாங்க. நாளைக்கு ஊசி போடுற நாளாம். தெருவுல மூணு நாலு பிள்ளைங்களுக்கு வந்துடுச்சாம். பட்டாணிக்கு ஒன்பதாம் மாசம் போட வேண்டியது இன்னும் போடலன்னு சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பாக்கறேன்னேன்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? ஒரு ஊசி போட்டுப் பாத்தாச்சு. இந்த வீட்டுக்கு அது போதும்."

பட்டாணிக்கு எட்டு மாதம் ஆகியிருந்தபோது அவள் அம்மா இறந்தாள். காலில் ஆணி குத்திச் சீழ் வைத்துவிட்டது. நான் மீன் கிடங்கில் குளிர் அறைக்குள் பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். உள்ளே போன் எடுக்காது. மச்சான்தான் வேனில் எங்கோ ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். புண் ஆற ஊசி போட்டார்கள். வீடு வந்து சேரும் முன் மூச்சு முட்டிவிட்டது. மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். நான் வெளியே வந்து போனைப் பார்த்தபோது திரை முழுக்க மச்சான் பெயராக இருந்தது.

அதற்குப் பிறகு யாரும் எதுவும் முடிவு செய்யவில்லை. கிளினிக் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். பட்டாணிக்கு மட்டுமல்ல, மச்சானின் மகள் வாலுவுக்கும் போட வேண்டியது நின்றுபோனது.

"ஏங்க, மேல அந்தப் பையன் இருமுறது உங்க காதுல விழுதா இல்லையா?" மச்சானின் மனைவி படியிலிருந்தே கேட்டாள். அவளை நான் அக்கா என்பேன். கீழே தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"சரியாயிடும்."

"ஆகலன்னா?"

"வாயக் கழுவு மொதல்ல."

"நான் கழுவுறேன். நீங்க காதக் கழுவுங்க."

மச்சான் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "போக மாட்டேல்ல மாப்ள?"

நான் கதவு ரப்பரை மூன்றாவது முறையாகக் கழற்றினேன்.

காலையில் பட்டாணியைக் கீழே விடப் போனேன். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அக்காதான் பார்த்துக்கொள்வாள். அன்று வாங்கிக்கொள்ளவில்லை. பட்டாணியின் பையைத் தயாராக வைத்திருந்தாள். மாற்றுத்துணி, பால் புட்டி, பொம்மை. என் கையில் திணித்தாள்.

"அவரு குளிச்சிட்டிருக்காரு. வெளிய வர்றதுக்குள்ள கெளம்பு."

"அக்கா, நான் இன்னும் முடிவு பண்ணல."

"தம்பி, ஒண்ணு சொல்றேன் கேளு. நீ போட்டா நானும் வாலுவுக்குப் போட்டுடுவேன். நீ போடலன்னா, 'பொண்டாட்டிய பறிகொடுத்தவனே போடல, உனக்கென்னடி அவசரம்'னு என் வாய அடைச்சிடுவாரு. அப்புறம் நான் எங்க போய் முட்டிக்கிறது? ரெண்டு புள்ளைங்க உசுரு இப்ப உன் கையில இருக்கு. முழிக்காத. போ."

குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றது. நான் கிளம்பிவிட்டேன்.

ஊசி போடப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. அந்தக் கிளினிக்கின் மருந்து ஃபிரிட்ஜுக்கு எங்கள் கம்பெனிதான் சர்வீஸ். அந்த வாரம் பார்க்க வேண்டிய இடங்களில் அதுவும் இருந்தது. ஃபிரிட்ஜைப் பார்க்கப் போகிறேன். பிள்ளையும் கூட வருகிறாள். ஒரு தோளில் அவள் பை, ஒரு தோளில் என் பை.

கிளினிக் நிறைந்திருந்தது. பெஞ்சுகளில் அம்மாக்கள், சில அப்பாக்கள். ஒரு குழந்தை அழுதால் அது வரிசையாகப் பரவியது. உட்கார இடம் இருந்தது. நான் உட்காரவில்லை. ஜன்னல் வரை போனேன், திரும்பினேன். தண்ணீர்க் குழாயை மூடித் திறந்து பார்த்தேன்.

"நீங்க ஃபிரிட்ஜுக்கா, பாப்பாவுக்கா?" சிஸ்டர் கேட்டாள். நடுத்தர வயது. பேனாவைக் கொண்டையில் செருகியிருந்தாள்.

"ஃபிரிட்ஜுக்கு."

"பாப்பா எதுக்கு? உதவியாளா?" பதிலுக்கு நிற்காமல் உள் அறையைக் காட்டிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டாள்.

அறை சிறியது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஃபிரிட்ஜ். பட்டாணியை நாற்காலியில் உட்காரவைத்து ஸ்பானர் ஒன்றைக் கொடுத்தேன். வேலையைத் தொடங்கினேன்.

ஒரு குறை வேண்டும் எனக்கு. ஒன்று கிடைத்தால் போதும். ரப்பர் தளர்ந்திருக்கலாம். உள்ளே சூடு ஏறி இறங்கலாம். மருந்து கெட்டிருக்கலாம், இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். மச்சானிடம் நான் பயந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்காவிடம் ஃபிரிட்ஜ் சரியில்லை என்று சொன்னால் போதும்.

கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தேன். வரவில்லை. இறுக்கமாகப் பிடித்திருந்தது. நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தேன். என் வெப்பமானியை உள்ளே வைத்தேன். அதுவும் கதவில் இருந்த காட்டியும் ஒரே எண்ணைச் சொன்னன. கம்ப்ரஸர் சத்தம் சீராக இருந்தது. பின்பக்கம் தூசி இல்லை. டார்ச் எடுத்துக் கதவைத் திறந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தேன். பனி உறைந்திருக்கிறதா, மருந்து சுவரில் ஒட்டியிருக்கிறதா. இல்லை. மறுபடி மேல் தட்டிலிருந்து தொடங்கினேன்.

அலாரம் அடித்தது.

முதலில் எனக்கு அது என்னவென்றே புரியவில்லை. சிஸ்டர் ஓடிவந்தாள்.

"யாரு கதவத் திறந்து போட்டது?"

"நான்தான்."

"நீங்கதானே மெக்கானிக்கு?"

"ஆமா."

"மூடுங்க மொதல்ல! கதவத் திறந்து வெக்காதீங்கன்னு போன தடவை எனக்குப் பாடம் எடுத்துட்டுப் போனது நீங்கதானே? இப்ப உள்ள தலைய விட்டுக் குடும்பம் நடத்துறீங்க!"

மூடினேன். காது சுட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கடைக்காரர்களிடம் நான் சொல்லும் முதல் வார்த்தை அது. கதவைத் திறந்து வைக்காதீர்கள். கெட்டுப்போன மருந்தைத் தேடி நானே மருந்தைக் கெடுக்கப் பார்த்திருக்கிறேன்.

அலாரம் அடங்கும்வரை சிஸ்டர் காத்திருந்தாள். பிறகு ஒரு சின்னக் குப்பியை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இங்க பாருங்க. லேபிள்ல வட்டத்துக்குள்ள ஒரு கட்டம் இருக்கா? அது வெளுப்பா இருக்கணும். சூடு பட்டா கறுத்துடும்."

வெளுப்பாக இருந்தது.

"பொழச்சீங்க. ஒண்ணும் ஆகல."

"இவளுக்கு?" என்றேன்.

"இவளுக்கு என்ன?"

"மருந்து நல்லாருக்குன்னு அந்தக் கட்டம் சொல்லுது. இவளுக்கு ஒத்துக்கும்னு எது சொல்லும்?"

அவள் பட்டாணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பாப்பாவோட அம்மா வரலையா?"

"ஒரு ஊசி போட்டாங்க. ஒத்துக்கல. போயிட்டா."

அவள் மேஜை விளிம்பில் சாய்ந்துகொண்டாள். என்ன ஊசி, எதற்குப் போட்டது என்று கேட்டாள். சொன்னேன். பட்டாணிக்கு முன்பு போட்டவற்றில் ஏதாவது ஆனதா, தடிப்பு, மூச்சிரைப்பு என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"அது வேற மருந்து, இது வேற. அம்மாவுக்கு ஒத்துக்காதது இது இல்ல. ஆனா இவளுக்கு எதுவுமே ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ரொம்ப ரொம்ப அபூர்வமா ஒரு குழந்தைக்கு ஆகலாம். ஆனா உடனே தெரிஞ்சிடும். அதுக்குத்தான் போட்டவுடனே யாரையும் அனுப்புறதில்ல. அரை மணி நேரம் என் கண்ணு முன்னாடி உக்காரணும். அப்படி ஏதாவது ஆச்சுன்னா உடனே குடுக்கத்தான் இது."

மேஜையில் இருந்த தட்டின் துணியை விலக்கினாள். ஒரு சின்ன மருந்துக் குப்பி, ஊசிகள், குழந்தை முகத்துக்கு அளவான ஆக்ஸிஜன் மாஸ்க். குப்பியை எடுத்துத் தேதியைப் பார்த்தேன்.

"பாருங்க, நல்லா பாருங்க. வேணும்னா காகிதத்த வச்சு இழுத்தும் பாருங்க."

"எங்க மேல்மாடிப் பையன் எப்படி இருக்கான்?" என்றேன்.

"நேத்து ராத்திரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். நெஞ்சு வரைக்கும் போயிடுச்சு."

நேற்று இரவு இருமல் கேட்கவில்லை. நின்றுவிட்டது என்று நினைத்திருந்தேன்.

பட்டாணி ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். தூக்கினேன். சோதித்துப் பார்க்க இனி எதுவும் இல்லை.

"போடுங்க," என்றேன்.

அவள் சட்டைக் கையை நான்தான் ஏற்றிப் பிடித்தேன். ஊசி இறங்கியதும் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அந்த இடைவெளியில் எனக்கு உயிரே போனது. பிறகு சத்தம் வந்தது. அறையே அதிர்ந்தது. அவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

வெளி பெஞ்சுக்கு வந்தோம். அழுகை விக்கலானது. நான் நடந்தேன்.

"நடக்காதீங்க. உக்காருங்க. மடியில வச்சு மூஞ்சப் பாருங்க," சிஸ்டர் அங்கிருந்தே கத்தினாள்.

உட்கார்ந்தேன். உதடு. கழுத்து. கை. மார்பு ஏறி இறங்குவது. கையில் ஒரு சிவப்புப் புள்ளி. அது ஊசி போட்ட இடம். காதுக்குப் பின்னால் ஒரு தடிப்பு. எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா எட்டிப் பார்த்து, "கொசுக்கடி," என்றாள். உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரத்தில் முள் ஓடுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. பாட்டரி போயிருக்கலாம். கழற்றிப் பார்க்கக் கை துடித்தது.

மச்சான் உள்ளே வந்தார். தலை ஈரமாக இருந்தது. சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

"போட்டுட்டியா?"

"போட்டாச்சு மச்சான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலல்ல?"

"கேட்டா வேணாம்பீங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெஞ்சு முழுக்க ஆட்கள். பட்டாணி அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் முகம் எப்படியோ ஆனது.

"சரி, எந்திரி. வண்டிய வெளிய நிறுத்தியிருக்கேன். வீட்டுல விட்டுடறேன்."

"உக்காரணும் மச்சான். அரை மணி நேரம். சிஸ்டர் சொல்லியிருக்காங்க."

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். மெதுவாக என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய முழங்கால் ஆடத் தொடங்கியது. பெஞ்சு அதனுடன் சேர்ந்து ஆடியது.

"அன்னிக்கும் சொன்னாங்க மாப்ள."

"என்ன?"

"கொஞ்சம் இருந்துட்டுப் போங்கன்னு. எனக்கு லோடு ஏத்த வேண்டியிருந்துச்சு. போனு மேல போனு. அவ நல்லாத்தான் இருந்தா. போலாம்ணே, பால் குடிக்கிற புள்ள வீட்டுல இருக்குன்னு அவளும் சொன்னா. கூட்டிட்டு வந்துட்டேன்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. என்ன வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளாக அவர் ஊசியைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பட்டாணி இருமினாள்.

இருவரும் எழுந்துவிட்டோம். மச்சான், "சிஸ்டர்!" என்று போட்ட சத்தத்தில் இரண்டு குழந்தைகள் அழ ஆரம்பித்தன. சிஸ்டர் வந்து பட்டாணியின் வாய்க்குள் விரலை விட்டாள். ஒரு பொத்தான் வந்தது. மச்சானின் சட்டைப் பொத்தான். அவர் மார்பில் நூல் மட்டும் தொங்கியது. எப்போது பிய்த்தாள் என்று தெரியவில்லை.

"ஊசி ஒண்ணும் பண்ணல. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து புள்ளைய ஏதாவது பண்ணிடாதீங்க," என்று பொத்தானை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

மச்சான் பொத்தானைச் சட்டைப்பைக்குள் போட்டார். பட்டாணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். முழங்கால் ஆடவில்லை.

வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்தது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. "யாருப்பா இந்த வேனு? வழிய மறிச்சு நிறுத்தியிருக்கான்!"

மச்சான் திரும்பவில்லை.

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். "ஆச்சு. பாப்பா நல்லாருக்கா. நீங்க கெளம்பலாம்."

நான் பைகளை எடுத்தேன். மச்சான் எழவில்லை. அவருடைய போன் அடித்தது. அக்கா. ஒரு கையால் எடுத்தார்.

"ஆமா, போட்டாச்சு... நல்லாத்தான் இருக்கா. என் சட்டையத் தின்னுட்டிருக்கா." வெளியே ஹாரன் விடாமல் அடித்தது. அவர் மற்றக் காதைத் தோளில் அழுத்திக்கொண்டார். "வாலுவக் குளிப்பாட்டி வை. வந்து கூட்டிட்டுப் போறேன்... இப்ப இல்லடி. இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். இங்க உக்காந்திருக்கோம்."