மீன் வாசமில்லாத படகு

மிக்கேலுக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் குவைத்துக்குப் போனில் பொய் சொல்ல சாமர்த்தியம் எதற்கு? முகம்தான் தெரியாதே.

"இன்னைக்கு நல்ல பாடு, செல்வி. சூரை மீனு கெடச்சிது" என்பான். சூரை கிடைத்தது நிஜம்தான், பக்கத்துப் படகுக்கு. அதை வாங்கி சைக்கிளில் கட்டிக்கொண்டு வண்டூர் தெருக்களில் விற்பதுதான் அவன் பிழைப்பு.

அவன் மனைவி சகாயசெல்வி அங்கே ஒரு வீட்டில் சமையல்காரி. சுனாமி அவர்களுடைய டிங்கிப் படகைக் கொண்டுபோன பிறகு, புதுப் படகு வாங்குவதற்கென்றே இரண்டு வயது மகள் ஷெர்லினை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனவள். நாலு வருஷம் யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ சோறு ஊட்டினாள். அவள் அனுப்பியதில் படகும் வந்தது. வந்த நாளிலிருந்து அந்தப் படகு மகராசன் தென்னை மரத்தடியில் ஓலையைப் போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்குகிறான்.

"வாறேன். படகுதான் ஓடுதே, இனி நான் எதுக்கு அங்க கெடக்கணும்" என்று அவள் போனில் சொன்னபோது மிக்கேல் ஓலை மூடிய படகைப் பார்த்தான். படகு ஓடாவிட்டால் அவள் மறுபடி போகத்தான் வேண்டும்.

தீவின் ஹேடோ துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கியவளைப் பார்த்து, ஷெர்லின் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "அப்பா, யே கௌன் ஹை?" என்று தெருவில் பழகிய இந்தியில் கேட்டாள். யார் இது என்று பெற்ற பிள்ளை கேட்டதும் செல்வி பெட்டியைக் கீழே வைத்தாள். குனிந்து, "ஒங்கம்மாதான்டி" என்றாள்.

வண்டூர் வந்ததும் வீட்டுக்குள்கூட நுழையவில்லை. நேரே படகுக்குப் போய் ஓலையை விலக்கி, உள்ளே குனிந்து மூச்சை இழுத்தாள். மீனவன் மகளுக்கு அது போதும்.

"பெயிண்டு வாசம்லா அடிக்கி. மீன் வாசத்தையே காணோம்."

"புதுப் படகுன்னா பங்குச் சாமியார் வந்து மந்திரிக்கணும்லா. நீயும் வந்த பொறவு மந்திரிக்கலாம்னு..."

"அப்போ சூரையெல்லாம் எங்கேந்து வந்திச்சி?"

மிக்கேல் மணலைப் பார்த்தான். கடலுக்குப் பயந்தவன் அல்ல அவன். சுனாமியன்று அடுத்த வீட்டுக்காரர் படகில் நடுக்கடலில்தான் இருந்தான். அலை படகை மெல்லத் தூக்கி இறக்கியது, அவ்வளவுதான். திரும்பி வந்தால், கரையில் டிங்கியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த தம்பி கிளமெண்டும் இல்லை, டிங்கியும் இல்லை.

"நான் முதுகு காட்டுன நேரத்துலதான் அவன் போனான். இந்தப் பிள்ளையக் கரையில விட்டுட்டு எப்படிப் போவேன், செல்வி?"

செல்விக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு வருஷ உழைப்பு ஓலைக்கடியில் கிடந்தால் யாருக்குத்தான் வராது? ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் மட்டும் முதுகு காட்டாமயா போனேன்? எங்கியோ பூமி ஆடிச்சின்னு டிவியில சொன்னாக்கூட, கையும் ஓடாது காலும் ஓடாது. பயந்துக்கிட்டேதான் அடுப்புல நின்னேன். வேற என்ன செய்ய?"

மிக்கேல் மீதி ஓலையையும் இழுத்துக் கீழே போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் படகை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். மறுநாள் விடியலில் மிக்கேல் படகைத் தண்ணீருக்கு இழுத்தபோது, செல்வி ஷெர்லினைத் தூக்கி உள்ளே உட்காரவைத்துத் தானும் ஏறிக்கொண்டாள். மீன்பிடிப் படகில் பெண்பிள்ளைகள் ஏறுவது அவர்கள் வழக்கத்தில் கிடையாது. கரையில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"என்னளா இது புதுப் பழக்கம்?" என்றார் ஒருவர்.

"ஒரு நாளைக்குத்தான் மாமா. கொஞ்சம் தள்ளி விடுங்க" என்றாள். பிறகு புருஷனைப் பார்த்து, "இப்ப கரையில நமக்குன்னு யாரும் இல்ல. இனி எதைத் திரும்பிப் பாப்பிய?" என்று கேட்டாள்.

அப்படியும் அவன் திரும்பிப் பார்த்தான். மரத்தடியில் பழைய ஓலைதான் கிடந்தது. எஞ்சினை முடுக்கினான். முதல் அலையில் படகு எம்பியதும் ஷெர்லின் கைக்கு எட்டியதை இறுகப் பிடித்துக்கொண்டாள். அது அம்மாவின் கை. அலை அடங்கிய பின்னும் அவள் விடவில்லை.

அடுத்த நாள் மிக்கேல் தனியாகவே போனான். சற்று தூரம் போய் ஒரே ஒரு தடவை திரும்பினான். அம்மாவும் மகளும் கைகோத்தபடி வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். போகட்டும் என்று வலையை எடுத்தான்.

அவன் கரைசேர்ந்ததும் ஷெர்லின் படகுக்குள் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். "சீ, மம்மி, நாறுது."

செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்குள் போனவள், குவைத்திலிருந்து கொண்டுவந்த பெட்டியைக் காலி செய்து, அதற்குள் அவனுடைய உதிரி வலையைத் திணித்து மூடினாள்.