பிரசாரக் கூட்டத்துப் பானகம்

1961ஆம் வருடம் பங்குனியில், மதுவின் கேடுகளை எடுத்துச் சொல்லப் பிரசார அதிகாரி கோபால்சாமி மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு வந்தார். பாதி மலையிலேயே ஜீப் நின்றுவிட்டது. துண்டுப் பிரசுரங்களை வண்டியிலேயே விட்டுவிட்டு, துண்டில் சுற்றிய பாட்டில் ஒன்றை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தே ஏறினார்.

ஊர்க்கவுண்டர் வேடியப்பன் வீட்டில் தங்க ஏற்பாடு. அவர் மனைவி மாதம்மாளிடம் கோபால்சாமி பாட்டிலைப் பத்திரமாகக் கொடுத்தார்.

"இது இன்னாங்க?"

"வயித்து வலிக்கு மருந்தும்மா. டாக்டர் சீட்டு இருக்கு, சர்க்கார் பர்மிட்டும் இருக்கு."

அந்த மருந்தை வெறுமனே சாப்பிடக் கூடாதாம். ஏற்காட்டில் ஒரு தோட்டத்துத் துரை சொல்லிக்கொடுத்த பக்குவத்தை அவளுக்கு விளக்கினார்.

"புதினாவ அரைச்சிடாதே, கசந்துடும். கையால லேசா நசுக்கு, வாசனை வந்தா போதும். எலுமிச்சம்பழத்தை விதை விழாம பிழி. சர்க்கரை கொஞ்சம்…"

"சர்க்கரைக்கு எங்கங்க போறது? தேனு கீது."

"தேனா? பேஷ்! புதுப்பானைத் தண்ணி ஊத்திக் கலக்கி வை. நான் பேசிட்டு வந்ததும், அதுல மருந்தைச் சேர்த்துக்கலாம்."

கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கும் தாகமாயிருக்குமே என்று மாதம்மாள் ஒரு அண்டா நிறையவே கலக்கினாள். பிறகு பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். சாராய நெடி இல்லை. குங்கிலியம் மாதிரி மணத்தது. மருந்தேதான். சுனைத் தண்ணீர் கெட்டுப்போய் ஒரு மாதமாக ஊரில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் திருப்பத்தூர் வரை இறங்க வேண்டும். அவள் கொஞ்சமும் யோசிக்காமல் முழுப் பாட்டிலையும் அண்டாவில் கவிழ்த்தாள்.

கூட்டம் தொடங்குவதற்கு முன்பே ஆளுக்கு இரண்டு டம்ளர் போயிற்று.

கோபால்சாமி பன்னிரண்டு வருடமாகப் பேசிவருகிறார். அப்படி ஒரு கூட்டத்தை அவர் கண்டதேயில்லை. "குடி குடியைக் கெடுக்கும்" என்றதும் கைதட்டல் அடங்கவில்லை. எதற்கும் தலையாட்டாத சக்கரவர்த்தி என்ற கிழவர் எழுந்து நின்று கண்ணீர் விட்டார். இனிமேல் குடிப்பதில்லை என்று மூன்று தடவை சத்தியம் செய்து, நாலாவது தடவை நிற்க மறந்து பக்கத்தில் இருந்தவர் மடியில் சாய்ந்தார். அதிகாரி நெகிழ்ந்துபோய் இன்னும் அரைமணி நேரம் கூடுதலாகப் பேசினார்.

தொண்டை வறண்டு வீட்டுக்குத் திரும்பியவர், "மருந்து எங்கம்மா?" என்றார்.

"எல்லாருக்கும் வயித்து வலிங்க. அண்டாவுல ஊத்திக் குடுத்துட்டேன். சனங்க மொகத்துல இன்னா தெளிச்சி பாத்தீங்களா!"

கோபால்சாமி காலி பாட்டிலைப் பார்த்தார். அது மருந்தில்லை, சீமைச் சாராயம் என்று சொல்ல வாய் வரை வந்தது. வாசலில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து மாதம்மாள் பதறினாள். "ஐயோ, வலி எடுத்துக்கிச்சா?"

"ஆமாம்" என்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஓமமும் சுக்கும் தட்டிப் போட்ட கஷாயம் ஒரு சொம்பு வந்தது. அவர் கடைசிச் சொட்டு வரை விழுங்கும்வரை அவள் இடுப்பில் கைவைத்தபடி எதிரிலேயே நின்றாள். பிறகு, "அடுப்புல இன்னும் கீதுங்க" என்று உள்ளே போனாள்.