எல்லா ஆடும் எனக்கே

அந்த விளையாட்டில் எதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வாங்கினால் பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. என் மகள், எட்டு வயது வெண்பாவுக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது. என் அப்பாவுக்கு மட்டும் புரியவில்லை. புரியவில்லையா, புரிந்துகொள்ள மனமில்லையா என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஆபீஸில் மதிய இடைவேளையில் ஆடிப் பழகி, எனக்குப் பைத்தியமாகவே ஆகிவிட்ட விளையாட்டு அது. நடுவில் அட்டையில் ஒரு தீவு. பகடை உருட்டினால் மரம், செங்கல், ஆடு, கோதுமை என்று கார்டுகள் வரும். அவற்றைச் சேர்த்து வீடு கட்ட வேண்டும். எல்லாம் ஒருத்தர் கையில் சேராது. அடுத்தவரிடம் பேரம் பேசியே ஆக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் எங்கள் சாப்பாட்டு மேசையில் அதை விரித்தேன். அப்பாவைக் கொஞ்ச நேரமாவது சிரிக்க வைக்கலாம் என்றுதான்.

அப்பா கிட்டுசாமிக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. இரண்டு கிட்னியும் போய்க்கொண்டிருந்தன. ஆறு மாதத்துக்குள் யாராவது ஒன்று கொடுத்தால் நல்லது என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை, அவளால் முடியாது. நான் டெஸ்ட் எடுத்தேன், பொருந்தியது. இங்கே பக்கத்து ஊரான டப்ளினில் இருக்கும் என் தம்பி இனியனும் எடுத்தான், பொருந்தவில்லை என்று சொன்னான். பிறகென்ன, நான் கொடுக்கிறேன் என்றால் அப்பா வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றார்.

"கட்டிக் குடுத்த பொண்ணுகிட்டக் கை நீட்டறது மொறையில்ல அம்மிணி."

பிள்ளைகளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அம்மாவோடு வந்திருந்தார். வியாழக்கிழமை ஃப்ளைட். அதற்குள் அவர் வாயிலிருந்து சரி என்ற வார்த்தையை வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால், ஏர்போர்ட்டில் நான் பார்ப்பதே கடைசித் தடவையாக இருக்கலாம். இந்த நினைப்பில் எனக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

என் வீட்டுக்காரர் வேலையாக டல்லாஸ் போயிருந்தார். இனியனின் மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்ததால் அவன் தனியாகத்தான் வந்தான். ஆக நான், அப்பா, இனியன், வெண்பா நாலு பேரும் ஆட உட்கார்ந்தோம். அம்மா சமையலறையில் அப்பாவுக்கு உப்பில்லாத ரசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் சுற்றிலேயே தகராறு. இனியன் செங்கல் வேண்டும் என்றான். அப்பா தன் கையிலிருந்த இரண்டையும் எடுத்து நீட்டிவிட்டார்.

"அப்பா, பதிலுக்கு ஏதாச்சும் கேளுங்க" என்றேன்.

"பெத்த புள்ளைகிட்ட யாவாரம் பண்ற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகல."

"அப்புச்சி, யூ காண்ட் டூ தட்!" என்றாள் வெண்பா. தாத்தா அவளுக்கும் ஒரு கோதுமையைக் கொடுத்து வாயை அடைத்தார். எனக்கும் மரம் கொடுத்தார். நான் பதிலுக்கு ஆடு ஒன்றை நீட்டினால், சூடு பட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார்.

"உங்கிட்ட வேண்டாம், நீயே வெச்சுக்க."

"கார்டுதானுங்கப்பா!"

"எதுவா இருந்தா என்ன."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு காகித ஆட்டை வாங்காத மனுஷனிடம் கிட்னியை எப்படிக் கொடுப்பது? இனியனோ கார்டுகளை விசிறிபோல் பிடித்துக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தான். நாலு வீடு கட்டிவிட்டான். எல்லாம் அப்பா கொடுத்த செங்கல். வாங்கிக்கொள்கிறோமே என்று ஒரு கூச்சம்கூட அவன் முகத்தில் இல்லை.

"நீயாவது ஒண்ணு திருப்பிக் குடுக்கலாமில்லடா" என்றேன்.

"அவரு கேக்கவே இல்லையேக்கா."

அதைக் காதில் வாங்கினாரோ என்னவோ, அப்பா தன் கார்டுகளை எண்ணிப் பார்த்தார். ஒரு ஆடு கிடைத்தால் போதும், அவரும் வீடு கட்டலாம். அன்றைக்கு முதன்முறையாக அவர் கேட்டார்.

"இனியா, உங்கிட்ட ஆடு இருக்குதா சாமி?"

"இல்லீங்கப்பா" என்றான் இனியன், கார்டுகளைப் பார்த்துக்கொண்டே.

"எங்கிட்ட இருக்குதுங்கப்பா, இந்தாங்க" என்று நான் நீட்டினேன்.

"பரவால்ல அம்மிணி. இல்லாமயே ஆடிக்கறேன்."

இல்லாமலேயே ஆடிக்கொள்கிறாராம். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. என் கையில் ஒரு விசேஷக் கார்டு இருந்தது. அதைப் போட்டு ஒரு பொருளின் பேரைச் சொன்னால், மேசையில் யாரிடம் அந்தப் பொருள் இருந்தாலும் மொத்தத்தையும் எனக்குக் கொடுத்துவிட வேண்டும். அதை மேசையில் அடித்துப் போட்டேன்.

"ஆடு! எல்லாரும் இருக்கிற ஆட்டையெல்லாம் எங்கிட்டக் குடுங்க. இப்ப இந்தத் தீவுல ஆடு வேணும்னா எங்கிட்டத்தான் வாங்கணும். வேற வழியில்ல. என்ன பண்றீங்கன்னு பாக்கறேன்."

வெண்பா முனகிக்கொண்டே ஒன்றைக் கொடுத்தாள். இனியன் அசையவில்லை.

"மாமா, ஷோ யுவர் கார்ட்ஸ்" என்று வெண்பா எட்டி அவன் கையை வளைத்துப் பார்த்தாள். "மாமா! யூ ஹேவ் ஃபோர் ஷீப்! யூ லைடு டு அப்புச்சி!"

நாலு ஆட்டையும் அவளே உருவி என் முன்னால் வரிசையாக வைத்தாள்.

நான் இனியனைத் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அப்பா பேசிவிட்டார். கோபமெல்லாம் இல்லை. பால் கணக்குக் கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இல்லேன்னியே சாமி?"

இனியன் சிரிக்கப் பார்த்தான். "கேம்ல அப்படித்தானுங்கப்பா, கையில இருக்கறத வெளிய சொல்லக் கூடாது…" அதற்குமேல் வரவில்லை. அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முகம் கோணியது. கையிலிருந்த மற்றக் கார்டுகளும் மேசையில் சரிந்தன.

"பயமா இருந்துச்சுங்கப்பா" என்றான். "லேப் வாசல் வரைக்கும் போனேன். கார்லயே உக்காந்திருந்தேன். அவ வேற மாசமா இருக்கா, எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா… உள்ள போகவே இல்லீங்கப்பா."

சமையலறை வாசலில் அம்மா கரண்டியோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. "வெண்பா, நீ ரூமுக்குப் போ" என்றேன். என் குரலைக் கேட்டு அவள் மறுபேச்சுப் பேசாமல் போனாள்.

"அடப்பாவி" என்றேன். "மேட்ச் ஆகலைன்னு எங்கிட்டப் போன்ல அழுதியேடா!"

"விடு அம்மிணி" என்றார் அப்பா. "எனக்குத் தெரியும்."

"என்னங்கப்பா தெரியும்?"

"அவன் டெஸ்ட்டுக்குப் போகலைன்னு. அன்னைக்கிருந்து ஒருக்காக்கூட எம் மூஞ்சியப் பாத்து அதப் பேசல. பெத்தவனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா என்னை வேண்டாம்னீங்க?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ குடுத்தா ஊர்ல கேப்பாங்கல்ல. பையன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப, கட்டிக் குடுத்த பொண்ணு எதுக்குக் குடுத்தான்னு. நாளைக்கு அவன் நாலு பேர் முன்னால தலை நிமிந்து நடக்கோணும். நான் இருந்து அதக் கெடுக்கறதா?"

ஆக முறையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவன் மானத்துக்காகச் செத்துப்போக இருந்திருக்கிறார். என்னை இரண்டு மாதம் கெஞ்ச விட்டு, வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

"அவன் தலை நிமிந்து நடக்கோணும். நான் அப்பனில்லாம நடந்தாப் பரவால்ல. அப்பிடித்தானுங்களே?"

இனியன் மேசையில் கவிழ்ந்து விக்கி விக்கி அழுதான். அப்பாவின் கை தானாகப் போய் அவன் முதுகைத் தடவியது.

"தம்பி அழுவறான் பாரு. அந்தத் தண்ணியக் கொஞ்சம் கொண்டா அம்மிணி" என்றார் என்னிடம்.

என் கன்னமும் நனைந்துதான் இருந்தது. அதே மேசையில், அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்துதான் அழுதுகொண்டிருந்தேன். நான் எழுந்திருக்கவில்லை.

அம்மா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர்கள் இருவரையும் தாண்டி வந்து அதை என் கையில் கொடுத்தாள். "குடி சாமி" என்று சொல்லி, நான் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். அப்பாவை எதிர்த்து அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"ஏனுங்க" என்றாள். "ஊர்ல கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். பையன் பயந்துட்டான், பொண்ணு குடுத்தா, வாங்கிக்கிட்டோம்னு சொல்றேன். இதுல ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது? வியாழக்கிழமை இவளும் நம்மகூட வரட்டும்."

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு, அன்றைக்கு முதல் தடவையாக, அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.