தாவூதின் பங்கு

கொடைக்கானலிலிருந்து செங்கோட்டை வரை மலைவழியாகவே நடப்பதென்று சந்தனசாமியும் அலாவுதீனும் இரண்டு வருஷமாகத் திட்டம் போட்டிருந்தார்கள். பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போன மறுவருஷம், கிளம்ப நாலு நாள் இருக்கையில், பட்டினச்சேரியில் தோணியிலிருந்து குதித்த சந்தனசாமிக்கு முழங்கால் பிசகிக்கொண்டது. அலாவுதீன் காத்திருந்தானா? எதிர்வீட்டுத் தாவூதைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். சந்தனசாமி ஆசையாக வாங்கிய பூட்ஸ்கூடத் தாவூதின் காலில் ஏறிப் போயிற்று.

"நடுவழியில கடைகண்ணி கிடையாது. எஸ்டேட் தபாலாபீசுக்கு ரெண்டு பேருக்குச் சாப்பாட்டுச் சாமான் அனுப்பிடுடா. உன்னைத்தான் நம்பியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அவலும் வெல்லமும் கருவாடும் கட்டக் கட்டச் சந்தனசாமிக்கு வயிறு எரிந்தது. தாவூதின் பங்கை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, ஒரு ஆளுக்கு மட்டும் பார்சல் தைத்து அனுப்பினான். அலாவுதீன் தின்னட்டும், அந்தப் பயல் மலையில் காய்ந்து கிடக்கட்டும்!

பத்து நாளில் அலாவுதீனின் கார்டு வந்தது. நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போய் வாங்கினான்.

"பார்சல் கிடைச்சுது. ஒரு ஆளுக்குத்தான் இருந்திச்சு, மறந்துட்டே போல. பரவாயில்லைடா. தாவூது பசி தாங்கமாட்டான், பாவம். எல்லாத்தையும் அவனுக்கே குடுத்துட்டேன்."