முதலில் ஒரு மேஜையில்

ஆம்பூரில் அஃப்ஷா நடத்தும் யூனிட்டில் பதினான்கு பெண்கள் ஷூவின் மேல்பாகம் தைக்கிறார்கள். பெரிய கம்பெனி ஒன்று வெட்டி அனுப்பும் தோலைத் தைத்துத் திருப்பிக் கொடுக்கும் வேலை. மார்ச் மாதத்தில் மட்டும் இரண்டு முறை சரக்கு திரும்பி வந்தது. ஒரே ஜோடியில் இடது கால் நாற்பத்தொன்று, வலது கால் நாற்பத்திரண்டு. இன்னொரு முறை இப்படி வந்தால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடும் என்று கம்பெனியில் நேராகவே சொல்லிவிட்டார்கள்.

கணவரின் தம்பி சுஹேல்தான் அவளுடன் யூனிட்டைப் பார்த்துக்கொள்பவன். அவன் சென்னையிலிருந்து, யூனிட்டுகளுக்குக் கம்ப்யூட்டர் சிஸ்டம் விற்கும் சூரியபிரகாஷ் என்பவரை வரவழைத்தான். அவர் டேப்லெட்டைத் திறந்து காட்டினார். எந்த ஜோடி எந்த மெஷினில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். அளவைக் கேமராவே சரிபார்க்கும். பார்க்கப் பார்க்க அஃப்ஷாவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"ரெண்டு வாரம் இங்க ஒரு மேஜையில மட்டும் வச்சுப் பாக்கலாமா? பொண்ணுங்களுக்குக் கை பழகுதான்னு தெரியணும்."

"அப்படிக் குடுக்கிறதில்ல மேடம். மூணு வருஷ அக்ரிமென்ட்."

"நடுவுல நிறுத்திட்டா, உள்ள ஏத்தின எங்க விவரமெல்லாம் எங்களுக்குக் கெடைக்குமா?"

ஆபீசில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். சுஹேலின் முகம் தொங்கிவிட்டது. அண்ணியிடம் குறைப்பட்டான்.

"இன்னா பாபி, வந்தவர இப்படிப் பேஜார் பண்ணிட்டீங்க? ஜான் பாஷா யூனிட்ல இதத்தான் போட்டிருக்காங்க. ஒரு பீஸ் ரிட்டர்ன் இல்ல."

"அங்க எம்பது பேரு, சுஹேல். கம்ப்யூட்டர் பாக்கவே தனியா ஆள் இருக்கு. நம்மகிட்ட எங்க தப்பு நடக்குதுன்னே நமக்குத் தெரியல. அது தெரியாம எத வாங்குறது?"

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் பயமாக இருந்தது. தன் பிடிவாதத்தால் ஆர்டர் போனால் பதினான்கு வீடுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த மூன்று நாளும் செக்கிங் மேஜையருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். மூன்றாம் நாள், செக்கிங் பார்க்கும் ஜோதி ஒரு காகிதச் சீட்டைக் கையில் எடுத்துக் காட்டினாள்.

"இந்த சைஸ் சீட்டு பீஸ் மேல நிக்கிறதே இல்லக்கா. பசை பட்ட கையோட வந்துடுது. கீழ விழுந்தத எடுத்துப் பக்கத்து ட்ரேல போட்டுடுறாங்க. போன வருஷமே சுஹேல் பாய்கிட்ட சொன்னேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலியேக்கா."

அந்தப் பதில் அஃப்ஷாவைச் சுருக்கென்று தைத்தது. தினமும் இந்த மேஜையைக் கடந்துதான் போகிறாள்.

சீட்டுக்குப் பதிலாக சைஸை ஸ்டிக்கரில் அடித்து ஒட்ட, வேலூரிலிருந்து சின்ன ஸ்டிக்கர் பிரின்டர் ஒன்று வாங்கி வந்தாள். ஒரே ஒரு மேஜையில் தொடங்கினார்கள். இரண்டாம் நாளே அது சொதப்பியது. ஸ்டிக்கரை உரித்தால் தோலின் பாலிஷும் சேர்ந்து வந்தது. ஆறு ஜோடி பாழ். சுஹேல் அந்த ஆறையும் எடுத்து ஓரமாக அடுக்கி வைத்தான். அவன் திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு. இருந்தாலும் எல்லா மேஜையிலும் ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"தோல் மேல எதுக்குக்கா? உள்ள லைனிங் துணியில ஒட்டலாம். சைஸுக்கு ஒரு கலர் வச்சா, நம்பரப் படிக்கக்கூட வேணாம்" என்றாள் ஜோதி.

அப்படியே செய்தார்கள். இரண்டு வாரம் ஒரு ஜோடிகூடக் கலக்கவில்லை. பிறகுதான் மற்ற மேஜைகளுக்கும் போனார்கள். ஜூன் மாதம் கம்பெனி ஆள் வந்து, பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சுஹேல் தயங்கித் தயங்கி வந்தான். "ஜோதி போன வருஷமே சொல்லிச்சு பாபி. நான்தான் காதுல போட்டுக்கல."

"நான் மட்டும் கேட்டேனா?" என்றாள் அஃப்ஷா.

மறுவாரம் அவளே அவனை அழைத்துக்கொண்டு ஜான் பாஷா யூனிட்டுக்குப் போனாள். ஒரு மணி நேரம் நின்று பார்த்தாள். எண்பது பேர் நடுவில் அந்த சிஸ்டம் அழகாக ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் வெளியே வந்ததும்.

சுஹேல் நின்றுவிட்டான். "அப்ப நமக்கும் வேணும்ங்கிறீங்களா?"

"ஆளுங்க ஜாஸ்தியாகட்டும், பாக்கலாம். ஆனா அன்னிக்கு விக்க வர்றவரு மொதல்ல ஜோதிகிட்ட பேசட்டும்."

சுஹேல் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.